மழை வெளியே, ஈரம் உள்ளே! எங்க சோலார் வண்டி சொல்லிக் கொடுத்த பாடம்

(நமது கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ஆனைமலைப் பகுதிக் குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம். உறுப்பினர்கள் பலரும் கேட்டுக்கொண்டதால், அவர் பேசிய நடையிலேயே இங்கு தருகிறோம்.)

 

எனக்கு மேடையில ஏறிப் பேசிப் பழக்கமில்லீங்க. சேமிப்புப் பணம் எண்ணுவேன், தீர்மானப் புத்தகம் எழுதுவேன், பேங்குக்குப் போய் வருவேன். அவ்வளவுதான். ஆனா போன வருஷம் ஆடி மாசத்துல எங்க குழுவுல ஒரு விஷயம் நடந்துபோச்சு. அதுல பணமும் போச்சு, ஒரு நல்ல மனுஷியோட மனசும் நொந்து போச்சு. அந்தத் தப்பு இன்னொரு குழுவுல நடக்கக் கூடாதுன்னுதான் இன்னிக்கு இங்க நிக்கிறேன். இதே மண்டபத்துல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

எங்க வண்டிக் கதை

எங்க குழுவுல 14 பேர். பேங்க் கடன் வாங்கி, பழைய சரக்கு வண்டி ஒண்ணு எடுத்தோம். நம்ம பக்கம் 'குட்டியானை'ன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி வண்டி. பின்னாடி தகரக் கூண்டு கட்டி, பக்கத்துல ஜன்னல் வெட்டி, இட்லி, தோசை, சட்னின்னு நடமாடும் உணவகமா மாத்தினோம். கூரை மேல ரெண்டு சோலார் பேனல், உள்ள ஒரு பேட்டரி, சார்ஜ் கண்ட்ரோலர், ஒரு சின்ன இன்வெர்ட்டர். லைட்டு, ஃபேன், சட்னி அரைக்க மிக்சி எல்லாம் அதுலதான் ஓடுச்சு. ஜெனரேட்டர் சத்தம் இல்ல, டீசல் செலவு இல்ல. எங்களுக்கு நொம்பப் பெருமையா இருந்துச்சுங்க.

பங்குனி, சித்திரை, வைகாசி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. ஆனி பாதியில பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரக்காத்து அடிக்க ஆரம்பிச்சுது. ஆனைமலை பக்கம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். கோயமுத்தூர் டவுன்ல வெயில் அடிச்சாலும் எங்களுக்குத் தூறல்தான். லைட்டு கொஞ்சம் மங்கலா எரிஞ்சுது. மேகமூட்டம், அதான் சார்ஜ் ஏறலைன்னு எங்களுக்குள்ளயே சொல்லிக்கிட்டோம்.

ஆடி அமாவாசை அன்னிக்கு மாசாணியம்மன் கோயிலுக்கு எவ்வளவு கூட்டம் வரும்னு சொல்லவே வேண்டாம். அன்னிக்கு வியாபாரத்தை நம்பித்தான் அந்த மாசத் தவணையே. விடியக்காலை மூணரை மணிக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திட்டு சுவிட்சைப் போட்டா, லைட்டு ஒரு தடவை கண் சிமிட்டிட்டு அணைஞ்சு போச்சு. மிக்சி ஓடல. செல்போன் வெளிச்சத்துல எத்தனை இட்லி ஊத்த முடியும்? சட்னிக்கு எங்க போறது? ஒரு நாள் வருமானம் போச்சு. அப்புறம் கண்ட்ரோலர், பேட்டரி ரெண்டையும் மாத்த ரூ.19,500 ஆச்சு.

பழி யார் மேல விழுந்துச்சு?

அந்த வாரம் அவசரக் கூட்டம் போட்டோம். ராத்திரி வியாபாரம் முடிஞ்சு வண்டியைக் கழுவுறது முறை வச்சுச் செய்யற வேலை. அந்த வாரம் ஒரு தங்கச்சியோட முறை. 'தண்ணியை வாரி அடிச்சுக் கழுவினதுலதான் கண்ட்ரோலர்ல தண்ணி போயிருச்சு'ன்னு ஒருத்தர் சொன்னாங்க. எல்லாரும் ஆமாம்னு சொன்னோம். ரூ.2,000 அந்தத் தங்கச்சியோட சேமிப்புல இருந்து பிடிக்கறதுன்னு தீர்மானம். எழுதினது நான். அந்தத் தங்கச்சி என்னமோ சொல்ல வந்துச்சு. நான் நிமிர்ந்து பார்க்காம எழுதிட்டே இருந்தேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருச்சு. அடுத்த மூணு கூட்டத்துக்கு வரல. வேலைக்கும் வரல.

நாங்க என்ன செஞ்சோம்? புது கண்ட்ரோலர் மாட்டினோம். இனிமே ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு, காத்து போற சந்தையெல்லாம் பசை வச்சு அடைச்சோம். ராத்திரியில வண்டி மேல தார்ப்பாயைப் போட்டு நாலாபக்கமும் இறுக்கிக் கட்டினோம். கழுவறதைக்கூடக் குறைச்சுட்டோம்.

பதினஞ்சே நாள்ங்க! புது கண்ட்ரோலரோட திருகாணியில பச்சைக் களிம்பு பூத்திருச்சு. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காம விட்டா வருமே, அதே பச்சை.

அப்பத்தான் எனக்கு நெஞ்சுல சுருக்குன்னுச்சு. கழுவுன தங்கச்சிதான் வேலைக்கே வரலையே, அப்போ இது எங்கிருந்து வந்துச்சு?

அன்னிக்குச் சாயங்காலமே அந்தத் தங்கச்சியோட தோட்டத்துச் சாளைக்குப் போனேன். திட்டப் போறாங்கன்னுதான் போனேன். திட்டல. காப்பி போட்டுக் கொடுத்துட்டுச் சொல்லுச்சு: "அக்கா, நான் கழுவாத நாள்லயும் காலையில கதவைத் தொறந்தா, கூரைத் தகரத்துக்கு அடியில முத்து முத்தாத் தண்ணி நின்னுச்சு. மழையும் இல்ல. வானம் வெறிச்சு நட்சத்திரம் தெரிஞ்சுது. உள்ள மட்டும் சொட்டிச்சு. அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க எழுதிட்டு இருந்தீங்க."

மறுநாள் பொள்ளாச்சியில இருந்து விவரம் தெரிஞ்ச ஒரு எலெக்ட்ரீசியனைக் கூட்டி வந்து, எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தோம். வெளிப்பக்க ரப்பர் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மழைத் தண்ணி உள்ள வந்த தடமே இல்ல. ஆனா கூரைத் தகரத்துக்கு அடியில தண்ணி ஓடின கோடு. அதுக்கு நேர் கீழேதான் கண்ட்ரோலரை மாட்டியிருந்தோம்.

அப்போ தண்ணி எங்கிருந்து வந்துச்சு?

இட்லிக் குண்டாவுல இருந்துங்க! நாம ஊத்தின தண்ணிதான் ஆவியாகி, நம்ம கண்ட்ரோலர் மேலயே சொட்டியிருக்கு.

அந்த எலெக்ட்ரீசியன் தம்பி சொன்னதை அப்படியே சொல்றேன். காத்துல கண்ணுக்குத் தெரியாம தண்ணி கலந்திருக்கு. சூடான காத்து நிறையத் தண்ணியைத் தாங்கும், குளிர்ந்த காத்து கொஞ்சந்தான் தாங்கும். 30 டிகிரி சூட்டுல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 30 கிராம் தண்ணியை வச்சுக்கும். அதே காத்து 20 டிகிரிக்கு வந்தா சுமார் 17 கிராம்தான் வச்சுக்க முடியும். மீதி 13 கிராம் எங்க போகும்? எது ரொம்பச் சில்லுன்னு இருக்கோ, அது மேல போய் முத்து முத்தா ஒட்டிக்கும். சோத்துப் பானை மூடியைத் தூக்கினா உள்பக்கம் தண்ணி சொட்டுதே, அதே கதைதான்.

எங்க கூண்டுக்குள்ள இருக்கிற இடம் ஏறக்குறைய 6 கன மீட்டர். சூடா, ஈரமா இருந்த காத்து ராத்திரியில பத்து டிகிரி குளிர்ந்தா 6 பெருக்கல் 13, அதாவது 78 கிராம் தண்ணி. ஒரு சின்னக் காப்பி டம்ளர் அளவு. இது காத்துல இருந்து மட்டும். ஈரத் தரை, ஈரத் துணி, மூடாத பாத்திரம் எல்லாம் வேற. தினம் ராத்திரி ஒரு டம்ளர் தண்ணியை நாமளே கரண்டு சாமான் மேல தெளிச்ச மாதிரிதானுங்களே?

தார்ப்பாயை இறுக்கிக் கட்டினப்ப என்ன ஆச்சுன்னு இப்போ புரியுதுங்களா? மழையை வெளியே நிறுத்தினோம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வச்சோம். கழுவின தண்ணியால வந்த ஈரத்தைவிட, மூடி வச்சதால தங்கின ஈரம் அதிகம்.

ஈரம் எப்படிக் கெடுக்குது?

தண்ணி பட்ட உடனே படீர்னு வெடிச்சாத்தான் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறோம். ஓதம் அப்படிச் செய்யாதுங்க. கறையான் மாதிரி மெதுவாத் தின்னும்.

முதல்ல ஒயர் முனையில களிம்பு பூக்கும். களிம்பு பூத்த இடத்துல கரண்டு போக சிரமப்படும். சிரமப்பட்டா சூடாகும், சில சமயம் ஒயரே உருகும். பேனல் நல்லா வேலை செஞ்சாலும் பேட்டரிக்குப் போய்ச் சேர வேண்டிய கரண்டு போய்ச் சேராது. எங்க லைட்டு ஆனியிலயே மங்குனது இதனாலயும்தான். நாங்க மேகத்தைக் குறை சொன்னோம். ஈய அமில பேட்டரி பல வாரம் அரைச் சார்ஜ்லயே கிடந்தா, உள்ள இருக்கிற தகடு மேல உப்புப் படிஞ்சு இறுகிரும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. பேட்டரி போச்சு.

இன்னொரு தப்பும் செஞ்சிருந்தோம். இடத்தை மிச்சம் பிடிக்கறதா நினைச்சு, பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சிருந்தோம். இந்த வகை பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். கூடவே லேசா அமிலத் திவலையும் வரும். அமிலமும் ஈரமும் சேர்ந்தா இரும்பு, செம்பு எதுவும் தாங்காது. ஹைட்ரஜன் அடைஞ்சு கிடந்தா ஒரு தீப்பொறி போதும். பக்கத்துலயே கேஸ் அடுப்பு எரியுது! ஆண்டவன் புண்ணியத்துல பணத்தோட போச்சு.

நாங்க என்ன மாத்தினோம்?

ஒண்ணு, ஆவியை உள்ள விடறதில்ல. அடுப்பை ஜன்னல் ஓரமா நகர்த்தினோம். குண்டாவை மூடி வைக்கிறோம். ஜன்னலுக்கு மேல காத்தை வெளியே தள்ளுற சின்ன ஃபேன் போட்டோம். சமையல் முடிஞ்சும் ஒரு மணி நேரம் அது ஓடும்.

ரெண்டு, கழுவின பிறகு துடைக்கிறோம். கழுவறது தப்பில்லீங்க, சோத்து வண்டி சுத்தமாத்தான் இருக்கணும். ஈரத்தோட பூட்டறதுதான் தப்பு. தண்ணியை வழிச்சுவிட்டு, காஞ்ச துணியால துடைச்சு, காத்தாடவிட்டுத்தான் கதவைச் சாத்தணும்.

மூணு, எதிரெதிர் பக்கத்துல ரெண்டு காத்து வழி வச்சோம். ஒண்ணு கீழே, ஒண்ணு மேலே. சாரல் அடிக்காம இருக்கச் சரிவாத் தகடு, பல்லி, எறும்பு நுழையாம இருக்கச் சல்லடை. இன்வெர்ட்டருக்குள்ள பல்லி போய்ச் செத்து, அதனாலயே கெட்டுப்போனது நிறைய இருக்குன்னு மெக்கானிக்குகள் சொல்றாங்க. தார்ப்பாய் போட்டாலும் இப்போ இறுக்கறதில்ல. நடுவுல காத்து ஓடற மாதிரி தூக்கித்தான் கட்டறோம்.

நாலு, கண்ட்ரோலரையும் இன்வெர்ட்டரையும் டிரைவர் சீட்டுப் பக்கத் தடுப்புல, இடுப்பு உயரத்துல நிமிர்த்தி மாட்டினோம். கூரைக்கு நேர் கீழேயும் வேண்டாம், தரையிலயும் வேண்டாம். மேல சரிவா ஒரு தகரத் தொப்பி. காத்தோட்டத்துக்கு நாலு பக்கமும் இடைவெளி. பேட்டரி மட்டும் தனிப் பெட்டியில. அந்தப் பெட்டியோட வாயு வண்டிக்கு வெளியே போற மாதிரி மேல துளையும் குழாயும் வச்சோம். பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ் போட்டோம்.

அஞ்சு, ஒயர் எல்லாம் பெட்டிக்குக் கீழ்ப்பக்கமாத்தான் நுழையுது. நுழையறதுக்கு முன்னாடி ஊஞ்சல் கயிறு மாதிரி கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறணும். ஒயர் வழியா வழிஞ்சு வர தண்ணி அந்த வளைவோட அடியில சொட்டிரும், பெட்டிக்குள்ள போகாது. காசே செலவில்லாத வேலை இது. நம்ம வீட்டு சர்வீஸ் ஒயர், கேபிள் டிவி ஒயர் எல்லாத்துக்குமே இது பொருந்தும்.

ஆறு, ஒயர் இணைப்புகளுக்கு வெறும் கருப்பு டேப் சுத்தறதை விட்டோம். வெயில்ல பசை இளகி, மழையில தண்ணியை உள்ள பிடிச்சு வச்சுக்கும். சூடு காட்டினா சுருங்கி இறுகற உறை கடையில கிடைக்குது, அதைப் போட்டோம். பேனல் இணைப்புக்கு எம்.சி.4 கனெக்டர் போடறாங்க. அதுல ஆண், பெண் ரெண்டும் ஒரே கம்பெனியா இருக்கணும். வேற வேறயாப் போட்டா மாட்டற மாதிரி இருக்கும், ஆனா சந்து விட்டு ஈரம் ஏறும்.

ஏழு, மாசம் ஒரு தடவை பேட்டரி முனையைப் பார்க்கிறோம். வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா, முதல்ல ஒயரைக் கழட்டணும். ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைச்சு, பழைய பிரஷ்ஷால தேய்க்கணும். அந்தத் தண்ணி பேட்டரி மூடி வழியா உள்ள போகவே கூடாது. நல்லாத் துடைச்சு, காய வச்சு, ஒயரை இறுக்கி மாட்டி, மேல வேசலின் தடவணும். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

ஒயரைக் கழட்டறதுக்கும் ஒரு வரிசை இருக்குங்க. முதல்ல லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் அணைக்கணும். அடுத்து பேனல் ஒயர். கடைசியாத்தான் பேட்டரி ஒயர். மாட்டும்போது தலைகீழ்: முதல்ல பேட்டரி, அப்புறம் பேனல். இதை மாத்திச் செஞ்சா கண்ட்ரோலர் போயிரும். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் பேனல் கரண்டு கொடுத்துட்டேதான் இருக்கும். அதை ஆஃப் பண்ண முடியாது. கெட்டிப் போர்வையால மூடித்தான் வேலை பார்க்கணும்.

நல்லது செய்யறதா நினைச்சுச் செய்யக் கூடாதவை

ஈரத்தை உறிஞ்சும்னு சில பேர் உப்புப் பொட்டலம் கட்டித் தொங்கவிடறாங்க. வேண்டாமுங்க. உப்பு ஈரத்தை இழுத்துக் கரைஞ்சு, உப்புத் தண்ணியாச் சொட்டும். சும்மா தண்ணியைவிட அது பத்து மடங்கு கெடுதல்.

புதுச் செருப்பு, கைப்பை டப்பாவுல சின்னப் பொட்டலம் வருமே, சிலிக்கா ஜெல், அது நல்லதுதான். ஆனா முழுசா மூடின பெட்டிக்குள்ள வச்சாத்தான் பலன். காத்து போய் வர இடத்துல வச்சா ரெண்டே நாள்ல நமுத்துப்போன அப்பளம் மாதிரி ஆயிரும். நிறம் மாறினா ஈரம் நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். நீல நிற வகையில கோபால்ட் கலந்திருக்கு, விஷம். குழந்தைங்க கையில படாம வைங்க. சமைக்கிற தோசைக்கல்லுல போட்டு வறுத்துராதீங்க.

சந்து அடைக்கிற சிலிக்கான் பசை வாங்கும்போது முகர்ந்து பாருங்க. காடி மாதிரி புளிச்ச வாசனை அடிச்சா, அது காயும்போது அமிலம் விடற வகை. செம்பை அரிக்கும். கரண்டு சாமானுக்கு வாசனை அடிக்காத 'நியூட்ரல்' வகைன்னு கேட்டு வாங்குங்க. நாங்க முதல் தடவை அடைச்சது புளிச்ச வாசனைப் பசைதான்!

வீட்டுலயும் தோட்டத்துலயும் இருக்கிறவங்களுக்கு

'எங்ககிட்ட வண்டி இல்லையே, எங்களுக்கு எதுக்கு இது?'ன்னு நினைக்காதீங்க. 2011-12-ல ஆரம்பிச்ச முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்துல, 300 சதுர அடி வீட்டுக்கு 5 சோலார் விளக்கு கொடுத்தாங்க. நம்ம உறுப்பினர்கள்ல பல பேரு அந்த வீட்டுல இருக்கீங்க. 2024 பிப்ரவரியில மத்திய அரசு தொடங்கின பிரதமரின் சூரிய வீடு திட்டத்துல, 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் ரூ.78,000 மானியம்னு அறிவிச்சாங்க. அதனால கூரை சோலார் ஊருக்கு ஊரு வந்திருச்சு. தோட்டத்துல சோலார் பம்ப்செட் வச்சவங்களும் இருக்கீங்க. கிணத்து மேட்டு மோட்டார் ரூமைவிட ஓதம் பிடிச்ச இடம் வேற எது?

வீட்டுல பேட்டரி, இன்வெர்ட்டரைக் குளியலறைச் சுவரோரம், சமையல் மேடைக்கடியில வைக்காதீங்க. தரையில இருந்து பலகை போட்டு உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி வைங்க. வெளியே மாட்டற பெட்டின்னா 'ஐபி 65' எழுதியிருக்கான்னு பாருங்க. முதல் எண் தூசிக்கு, ரெண்டாவது எண் தண்ணிக்கு. 'ஐபி 20'ன்னு இருந்தா அது வீட்டுக்குள்ள வைக்கிற சாமான், சாரல்கூடப் படக் கூடாது.

கூரை சோலார் வச்சவங்க ஒண்ணு கவனிங்க. மார்கழிப் பனியிலயோ மழை விட்ட காலையிலயோ இன்வெர்ட்டர்ல 'ஐசோலேஷன்' பழுதுன்னு சிவப்பு விளக்கு எரியும். பத்து மணி வெயில் வந்ததும் தானாச் சரியாயிரும். 'சரியாயிருச்சே'ன்னு விட்டுராதீங்க. எங்கயோ ஒரு கனெக்டர்லயோ, உரிஞ்ச ஒயர்லயோ ஈரம் ஏறுதுன்னு அது சொல்லுது. தேதி, நேரம் எழுதி வச்சு, மாட்டினவங்களைக் கூப்பிட்டுக் காட்டுங்க. நீங்க கை வைக்காதீங்க. வண்டியில பேனல் கரண்டு குறைஞ்ச வோல்டேஜ். கூரை சோலார்ல பேனல்களை வரிசையாச் சேர்த்திருப்பாங்க, சில நூறு வோல்ட் வரும். அது உயிரை எடுக்கும்.

கடனுக்கு வாங்கும்போது இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்க. ஈரத்தால கெட்டா வாரண்டி உண்டா? எழுத்துல இருக்கா? வண்டி இன்சூரன்ஸ்ல, பின்னாடி நாம சேர்த்த கரண்டு சாமானைத் தனியாச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டினாத்தான் பொதுவா இழப்பீடு கிடைக்கும். எங்களுக்கு இது தெரியாது. ஒரு பைசா வரல.

தண்ணி மேலயே ஓடுதுங்க சோலார்

இதையெல்லாம் கேட்டுட்டு 'சோலாரே வேண்டாம்பா'ன்னு யாரும் பின்வாங்க வேண்டாம். பக்கத்துல கேரளாவுல வைக்கத்துல இருந்து தவணக்கடவுக்கு 'ஆதித்யா'ன்னு ஒரு படகு, 75 பேரை ஏத்திட்டுப் போகும். 2017 ஜனவரியில விட்டாங்க. கூரை முழுக்கப் பேனல், 20 கிலோவாட். கீழ தண்ணி, மேல மழை, சுத்தியும் காயல் காத்து. அதுலயே சோலார் ஓடும்போது நம்ம குட்டியானையில ஓடாதா?

நம்ம திருவண்ணாமலையில பள்ளிக்கூடத்துல படிச்ச பொண்ணு வினிஷா உமாசங்கர், கரி போட்டு இஸ்திரி போடற தள்ளுவண்டியைப் பார்த்துட்டு, சோலார்ல ஓடற இஸ்திரி வண்டியை வடிவமைச்சுது. 2021-ல கிளாஸ்கோவுல நடந்த உலகப் பருவநிலை மாநாட்டுல போய்ப் பேசிட்டு வந்துச்சு. இந்தப் பக்கம் மேட்டுப்பாளையம் ஓடந்துறை ஊராட்சி 2006-லயே 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமா வாங்கிக் காட்டுச்சு. வெயிலும் காத்தும் நமக்குச் சும்மா கிடைக்குது. ஆனா சாமான் சும்மா கிடைக்கலையே! பராமரிப்பு நம்ம கையிலதான் இருக்கு.

கடைசியா அந்த ஒரு வார்த்தை

நாங்க மறுபடியும் ஒரு கூட்டம் போட்டோம். பழைய தீர்மானத்தை ரத்து பண்ணி, ரூ.2,000-த்தையும் அந்தத் தங்கச்சி கணக்குல திரும்ப வரவு வச்சோம். அதை எழுதினதும் நான்தான். வண்டிப் பராமரிப்புக்கு அந்தத் தங்கச்சியையே பொறுப்பாளராப் போட்டிருக்கோம். காலையில கதவைத் தொறந்ததும் முதல்ல அண்ணாந்து கூரையைப் பார்க்கறது இப்போ எல்லாருக்கும் பழக்கமாயிருச்சு. அதுக்கப்புறம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையும், இந்த வருஷ ஆடியும் போயிருச்சு. அதே கண்ட்ரோலர், அதே பேட்டரி. களிம்பு இல்ல.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கறது சுலபமுங்க. 14 பேரு முன்னாடி 'நீதான் காரணம்'னு எழுதினதை எதை வச்சுத் திருப்பறது? அந்த வீட்டுல மாமியார் கேட்டிருப்பாங்க, ஊர்ல நாலு பேரு கேட்டிருப்பாங்க. நான் வண்டியில இருந்த ஈரத்தையும் பார்க்கல, அந்தக் கண்ணுல இருந்த ஈரத்தையும் பார்க்கல. அதனால குழுவுல மட்டும் சொன்னாப் பத்தாதுன்னு கூட்டமைப்பு முன்னாடி சொல்றேன்: தங்கச்சி, தப்பு உன்னோடது இல்ல. உன் பேச்சைக் கேட்காம எழுதின என்னோடது. மன்னிச்சுக்கோ அம்மணி.

ஊக்குநர்களா இருக்கிற மத்த அக்காமாருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு சாமான் கெட்டுப்போனா, 'யாரு கெடுத்தா?'ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, 'எப்படிக் கெட்டுச்சு?'ன்னு கேளுங்க. பேனாவைக் கீழே வச்சுட்டுக் கேளுங்க.



நினைவில் வைக்க

1. அடைப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. மழைக்கு மறைப்பு, ஈரத்துக்குக் காற்று வழி, இரண்டும் வேண்டும்.
2. கழுவிய பின் துடைத்து, உலர்த்தி, பிறகே பூட்டவும்.
3. பேட்டரிக்குத் தனிப் பெட்டி. அதன் வாயு வெளியே போக வழி.
4. ஒயர் கீழ்ப்பக்கமாக நுழையட்டும். நுழையும் முன் தொங்கும் வளைவு இருக்கட்டும்.
5. கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல்.
6. ஆனி பிறக்கும் முன்னும், ஐப்பசி பிறக்கும் முன்னும் ஒயர் முனைகளில் களிம்பு இருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் எழுதவும்.
7. கூரை சோலார் இணைப்பில் நீங்களே கை வைக்க வேண்டாம், தெரிந்தவரை அழைக்கவும்.